189 லிட்டர்

விமானி லைசென்ஸ் வாங்கி இரண்டாவது வருஷம். ஒரு நண்பனை ஏற்றிக்கொண்டு செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் போய்த் திரும்பி இறங்கியிருந்தேன். டாங்க் இரண்டையும் நிரப்பினோம். பம்ப் மீட்டர் 189 லிட்டரில் போய் நின்றது. அந்த விமானத்தில் பறக்க உதவும் பெட்ரோலே மொத்தம் 200 லிட்டர்தான். மீதி இருந்த 11 லிட்டர் இருபது நிமிஷம்கூட ஓடாது.

"மைலேஜ் பரவாயில்லையேடா" என்றான் நண்பன். எனக்குக் கால் நடுங்கியது.

என் கணக்குப்படி மணிக்கு 34 லிட்டர் வீதம் நாலரை மணி நேரத்துக்கு 153 லிட்டர். 47 லிட்டர் மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் மேலே போனதும் மிக்ஸ்சரை லீன் பண்ண, அதாவது மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைக்க, மறந்திருக்கிறேன்; மணிக்கு 40 குடித்திருக்கிறது. எதிர்காற்று இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தைத் தின்றது. போன இடத்தில் பெட்ரோல் போட நினைத்தேன்தான். அங்கே பம்ப் ஆள் சாப்பிடப் போயிருந்தார். இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

பெட்ரோல் கேஜ் என்ன காட்டியது என்று கேட்பீர்கள். இடது முள் கால் டாங்குக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மிதவை, விமானம் சாய்ந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், முள்ளும் கூடவே போகும். இந்த முள் எப்போதுமே பொய் சொல்லும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்திருந்ததால், அது உண்மை சொன்ன நாளிலும் நான் நம்பவில்லை.

அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, 2011 முதல் 2015 வரையிலான எரிபொருள் விபத்துகளை அலசியது. சராசரியாக வருஷத்துக்கு ஐம்பதுக்கு மேல். அவற்றில் மாணவ விமானிகள் 2 சதவீதம்தான். ஏறக்குறைய பாதிப்பேர் கமர்ஷியல் அல்லது அதற்கும் மேலான லைசென்ஸ் உள்ளவர்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மாணவனுக்குப் பயம் இருக்கும், கூடவே ஒரு வாத்தியாரும் இருப்பார்.

டாங்கில் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குப் போகாமல் நிற்பது வேறு வகை. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997-ல் விழுந்து இறந்தது, டாங்க் மாற்றும் பிடியைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாடு இழந்ததால் என்றது விசாரணை. அவர் ஓட்டிய லாங்-ஈஸி விமானத்தில் அந்தப் பிடி இடது தோளுக்குப் பின்னால் இருந்தது.

இப்போது கிளம்பும் முன் இறக்கை உயரத்துக்கு ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்பேன். வெளியே எடுத்ததும் உடனே படிக்க வேண்டும். ஏவ்காஸ் என்கிற விமானப் பெட்ரோல் நொடியில் காய்ந்து கோடு மறைந்துவிடும். அப்புறம் தொடையில் கட்டிக்கொள்ளும் எழுதுபலகையில் ஒரே ஒரு நேரத்தை எழுதுவேன்: இத்தனை மணிக்குள் சக்கரம் தரையில் இருக்க வேண்டும்.

போன மாதம் அதே நண்பனோடு வரும்போது, போகவேண்டிய இடத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் முன்பாக அந்த மணி வந்துவிடும் போலிருந்தது. வழியில் இருந்த சின்ன ஓடுதளத்தில் இறக்கினேன். நிரப்பிப் பார்த்தால் இன்னும் 60 லிட்டர் மிச்சம் இருந்திருக்கிறது.

"இதுக்கா இறக்கினே?" என்று ஊர் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தான்.