குடலழற்சி நோய் பற்றிய கேள்வியில் புள்ளி எங்கே போகிறது?

மருத்துவப் பரீட்சையில் குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய குடலழற்சி நோய்கள் பற்றிக் கேட்டால் பல விடைத்தாள்கள் சைட்டோகைன் (கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதம்) பட்டியலோடு நின்றுவிடும். ரீ.என்.எஃப், ஐ.எல்-17, ஐ.எல்-23 என்று அடுக்கி, அம்புக்குறி போட்டு, "அழற்சி" என்று முடிப்பார்கள். கேள்வி கேட்பது அதையல்ல. எந்தக் கலம் சுரக்கிறது, எது வாங்குகிறது, வாங்கிய கலத்தின் கருவுக்குள் எந்த ஜீன் முடுக்கப்படுகிறது என்பதைத்தான்.

ஏ-4 தாளைக் குறுக்காக வைத்து நாலு நிரல் போடுங்கள்: சுரக்கும் கலம், வாங்கும் கலம், கருவுக்குள் போகும் புரதம், மருந்து. முதல் வரியை இப்படி நிரப்பலாம். மக்ரோபேஜ், டென்ட்ரிட்டிக் ஆகிய நோயெதிர்ப்புக் கலங்கள் ஐ.எல்-23 சுரக்கின்றன, ரீ.எச்-17 என்ற இன்னொரு நோயெதிர்ப்புக் கலம் அதை வாங்குகிறது, ஜாக்-2, டிக்-2 என்ற நொதியங்கள் வழியாக ஸ்டாட்-3 என்ற புரதம் கருவுக்குள் போகிறது, ஐ.எல்-17, ஐ.எல்-22 வெளிவருகின்றன. மருந்து நிரலில் இரண்டு பெயர். உஸ்டெகினுமாப் பிடிப்பது ஐ.எல்-23இன் பி-40 துண்டை. அது ஐ.எல்-12இலும் இருப்பதால் இரண்டுமே அடைபடும். ரிசன்கிசுமாப் ஐ.எல்-23இன் மற்றத் துண்டான பி-19ஐ மட்டும் பிடிப்பதால் ஐ.எல்-12 தப்பும்.

அடுத்த வரியில்தான் பலர் வழுக்குவது. "அப்படியென்றால் ஐ.எல்-17ஐ அடைத்தாலும் சுகம் வருமே" என்று எழுதிவிடாதீர்கள். குரோன்ஸ் நோயாளரில், ஐ.எல்-17ஐ அடைக்கும் செக்குகினுமாப் மருந்தைப் பரிசோதித்த முடிவு 2012இல் வெளிவந்தது: பயனில்லை, சிலருக்கு நோய் கூடியது. ஐ.எல்-17 குடலின் மேலணிக் கலங்களை இறுக்கிக் காக்கும் வேலையும் செய்கிறது. இந்த இரண்டு வசனமும் முழுப் பக்கப் பட்டியலைவிடப் பெறுமதியானவை.

ஜீன் பகுதிக்கு நொட்-2 கட்டாயம். 16ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது; குரோன்ஸோடு அதற்குள்ள தொடர்பு 2001இல் தெரியவந்தது. பற்றீரியாச் சுவரின் மியுரமைல் டைபெப்டைட்டை உணர்வது அதன் தொழில். குரோன்ஸில் வரும் மாற்றங்கள் அந்த உணர்வைக் குறைக்கின்றன. "நொட்-2 அதிகம் தொழிற்படுகிறது" என்று எழுதினால் அது பிளாவ் நோய்க்குறி என்ற வேறொரு நோயின் விடை.

குடலழற்சி நோயோடு தொடர்புள்ளதாக இன்று தெரிந்த 200க்கு மேற்பட்ட டி.என்.ஏ. இடங்களில் பெரும்பாலானவை புரதத்தைக் குறியிடும் பகுதிக்கு வெளியே, ஜீனை முடுக்கும் என்ஹான்சர் போன்ற சுவிட்சுகளில் இருக்கின்றன. மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்துத் துருசை (மதகை) திறந்தால் பக்கத்து வயலைத் தாண்டி, கீழே தூரத்து வட்டைக்கும் (வயல்வெளிக்கும்) தண்ணீர் போகிறதல்லவா, அதேபோலத்தான். சுவிட்சுக்குக் கிட்ட இருக்கும் ஜீனே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. 21ஆம் நிறமூர்த்தத்தில் ஜீனே இல்லாத ஒரு டி.என்.ஏ. பகுதி, மக்ரோபேஜில் ஈ.டி.எஸ்-2 என்ற ஜீனை முடுக்குவதாக 2024இல் காட்டப்பட்டது. உதாரணத்துக்கு அதுவே போதும்.

வாய்மொழிப் பரீட்சையில் கசநோய்க்குத் தாவுவார்கள், நம்மூரில் அது நியாயமும்கூட. இலியோசீக்கல் (சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்து) கசநோயும் குரோன்ஸும் ஒன்றுபோலத் தோன்றும். கசக் கிருமியைச் சுற்றி நோயெதிர்ப்புக் கலங்கள் கட்டும் கிரனுலோமாவைக் கட்டிவைத்திருப்பது ரீ.என்.எஃப் என்பதால், அதை அடைக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை ஏற்றினால் உறங்கிக் கிடக்கும் கசம் எழும்பும். ஆகவே முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, மான்டூ (கசநோய்க்கான தோல் ஊசிப் பரிசோதனை). மான்டூவை 48 தொடக்கம் 72 மணித்தியாலத்துக்குள் வாசிக்கவேண்டும். அளப்பது தடிப்பை, சிவப்பை அல்ல; இந்த நோயாளருக்கு 5 மில்லிமீற்றரே பொசிற்றிவ். ஏற்கெனவே ஸ்டீரொயிட் எடுப்பவரில் அது பொய்யாக நெகற்றிவ் காட்டலாம். அதனால் முடிந்தால் ஸ்டீரொயிட் தொடங்கமுன்பே போட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.