ஜிலிப்சிக்கு வந்த ஒரு பேட்சைப் பரிசீலித்த கதை

லினக்ஸில் ஓடும் பெரும்பாலான நிரல்களுக்கு அடியில் இருப்பது, சி மொழியின் அடிப்படைச் செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) தரும் குனு சி நூலகம். சுருக்கமாக ஜிலிப்சி. அதற்கு வரும் பேட்ச்களை, அதாவது நிரலில் செய்யும் திருத்தங்களைச் சோதித்துக் கருத்துச் சொல்ல யாரும் முன்வரலாம். இணைக்கும் உரிமைதான் சிலருக்கு மட்டும். அந்தத் தைரியத்தில் நானும் ஒன்றை எடுத்தேன். புதிய செயற்கூறு ஒன்றைச் சேர்க்கும் சிறிய பேட்ச்.

நிரலைப் படிப்பது சுலபம். வேலை அதற்குப் பிறகுதான். முதலில் பேட்ச் இல்லாமலே தனி அடைவில் கட்டமைத்து ‘மேக் செக்’ என்ற சோதனைக் கட்டளையை ஓட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய நிரலிலேயே சில சோதனைகள் நம் கணினியில் தோற்கும்; அந்தப் பட்டியல் கையில் இல்லாவிட்டால் பேட்ச் எழுதியவர்மீது வீண்பழி போடுவோம். கட்டியதைக் கணினியின் சொந்த நூலகத்தின்மேல் நிறுவிப் பார்க்கும் ஆசை மட்டும் கூடாது. பிழை இருந்தால் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளைகூட ஓடாது.

சோதனைகள் தேறின. இடறியது வேறிடத்தில். வெளியே தெரியும் ஒவ்வொரு செயற்கூறின் பெயரும், எந்தப் பதிப்பில் வந்தது என்பதும், ஒவ்வொரு செயலி வகைக்கும் தனித்தனிக் கோப்பில் பதிவாக வேண்டும். இவர் இன்டெல், ஏஎம்டி செயலிகளின் வகையான எக்ஸ்86-64-க்குரிய கோப்பை மட்டும் திருத்தியிருந்தார். ஆர்ம், பவர்பிசி போன்ற மற்றச் செயலி வகைகளின் கோப்புகள் எல்லாம் அப்படியே கிடந்தன. அத்தனைக்கும் கட்டிப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. இரவில் ஓட விட்டுத் தூங்கப் போவதே உத்தமம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறைக் கேட்டால் சொல்லும். மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பொறுப்பில்லை என்று சி தரநிலை தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் வேகத்துக்காக நகலெடுக்கும் திசையை மாற்றியபோது ஃபிளாஷ் பிளேயரில் ஒலி கரகரத்தது. தவறு நூலகத்தில் இல்லை. இருந்தும் 2011-இல் வந்த 2.14 பதிப்பில் மெம்காப்பிக்குப் புதிய பதிப்புக் குறி கொடுத்தார்கள். எக்ஸ்86-64-இல் பழைய குறியோடு கட்டப்பட்ட நிரல்களுக்கு, படிந்தாலும் பாதகமில்லாத மெம்மூவ்தான் இன்றும் கிடைக்கிறது. பழைய நிரல்களுக்கு இப்படி விட்டுக்கொடுக்கும் நூலகத்தில் ஒரு பெயரை நுழைத்தால் பிறகு எடுக்கவே முடியாது. ஆகவே நிரல் சரியா என்பதைவிட, இது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸில் இருக்கிறதா, வேறு சி நூலகங்களில் இருக்கிறதா, யாருக்குத் தேவை என்றுதான் அதிகம் கேட்டேன். எழுதியவர் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். கையேட்டில் ஒரு பத்தியும், எல்லை மதிப்புகளுக்குச் சோதனையும் சேர்த்தார்.

எல்லாம் ஒழுங்கானதும் ‘ரிவியூட்-பை’ (பரிசீலித்தவர்) என்று என் பெயரைப் போட்டேன். ஆனால் அதற்குள் ஜூலை பிறந்துவிட்டது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வெளியீடு. அதற்கு முந்தைய மாதம் புதிய பெயர்களுக்குக் கதவடைப்பு. ஆகவே பேட்ச் அடுத்த பதிப்புக்குப் போனது. பதிப்பு எண் மாறினால் அந்தச் செயலிக் கோப்புகள் அத்தனையையும் மறுபடி திருத்த வேண்டும். திருத்தி அனுப்பினார், நானும் மறுபடி ஸ்கிரிப்டை ஓட விட்டேன்.