மண்டியிடும் ஸ்காரப்

2004இல் வெளிவந்த ஹேலோ 2 வீடியோ விளையாட்டில் ஸ்காரப் என்னும் நான்கு கால் போர் இயந்திரம், வகுத்து வைத்த பாதையில் தேர் போல நகர்ந்து செல்லும். நாம் பாலத்திலிருந்து அதன் முதுகில் குதித்து உள்ளிருப்போரைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை. 2007இல் வந்த ஹேலோ 3இல் விளையாட்டை உருவாக்கிய பன்ஜி நிறுவனம் அதைத் தானாக முடிவெடுத்து நடமாடும் எதிரியாக மாற்றியது. கால் மூட்டுகளை ராக்கெட்டால் தாக்கினால் அது தள்ளாடி மண்டியிடும். அந்தச் சில நொடிகளில் மேலே ஏறி, பின்புறத் தகட்டைப் பெயர்த்து, உள்ளே ஒளிரும் ஆற்றல் மையத்தை உடைத்துவிட்டு, வெடிப்பதற்குள் வெளியே குதிக்க வேண்டும். முதன்முறை நான் குதிக்க மறந்தேன் என்பது வேறு கதை.

ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. எந்தக் காலை அடித்தாலும் சற்று நேரத்தில் அது எதுவுமே நடவாததுபோல் எழுந்து நடக்கிறது. அடிபட்ட கால் நொண்டியபடியே இருந்து, அதனால் திரும்பும் வேகமும் பீரங்கியின் குறியும் மாறினால், எந்தக் காலை முதலில் முடக்குவது என்று ஆட்டக்காரர் யோசிக்க வேண்டியிருக்கும். எதிரி தாங்கும் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கடினமாக்குவது சோம்பேறித்தனம். கவசத் தகடுகள் ஒவ்வொன்றாக உதிர்வதையே நான் விரும்புவேன்.