லீவு முடிந்து திரும்பி வருகிறவர்கள்

சிறையில் இருப்பவர்களை விடுதலைக்குத் தயார் செய்யும் வேலை என்று சொன்னால், ஊர்ப்பக்கம் முதலில் வருகிற கேள்வி, "அவனுகளுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்பதுதான். பதில் சொல்லி மாளாது. உள்ளே போனவர்களில் பெரும்பாலானவர்கள் என்றாவது வெளியே வரத்தான் போகிறார்கள், வந்தால் நம் தெருவுக்குத்தான் வருவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

கொங்கு நாட்டில் மத்திய சிறைகள் இரண்டு, சேலமும் கோவையும். கோவைச் சிறை 1872இல் கட்டியது. 1908இல் வ.உ.சி.யைக் கொண்டுபோய் செக்கிழுக்க வைத்த இடம். இன்றைக்கு அங்கே தறி ஓடுகிறது, நஞ்சப்பா சாலையில் சிறைவாசிகளே பெட்ரோல் போடுகிறார்கள். ஆக, தொழில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. தொழில் தெரிந்தவன் வெளியே வந்து முதல் மாதத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். எங்கள் சின்னத் தன்னார்வக் குழு அந்த ஒரு மாதத்துக்காகத்தான் உள்ளே போகிறது. எந்தச் சிறை என்பது இங்கே வேண்டாம்.

இந்தப் பாடத்தை எங்களைவிட நன்றாக நடத்துகிறவர்கள் லீவில் போய்த் திரும்பியவர்கள். வெளியே பரோல் என்கிறோம். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கொடுப்பது விடுப்புதான். நன்னடத்தை அலுவலர் விசாரித்து, போலீஸ் அறிக்கை வந்து, நாள் கணக்கில் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வந்து கதவுக்குள் நிற்க வேண்டும். வெளி உலகத்தைப் புதுக்கண்ணோடு பார்த்துவிட்டு, அதைச் சொல்ல உள்ளேயே திரும்பி வருகிறவர் வேறு யார் இருக்கிறார்கள்?

பல்லடம் பக்கத்து ஆயுள் தண்டனைக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம், வகுப்பில் எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. பல வருடம் கழித்து முதல் லீவில் போனபோது டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் கேட்டிருக்கிறார். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க நீங்க? லேடீஸுக்கு ஃப்ரீன்னு தெரியாதுங்களா?" என்று கேட்க, பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கிறது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது 2021 மே மாதம். அவர் அதற்கு வெகுகாலம் முன்பே உள்ளே போனவர். "கொலைக் கேசுன்னு சொன்னாக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாங்க சார்" என்று சொல்லிச் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. அப்புறம் யாரும் சொல்லாமலேயே ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் போன் திரையை வரைந்து, டீக்கடையில் ஸ்கேன் செய்து பணம் கொடுப்பது எப்படி என்று நடத்த ஆரம்பித்துவிட்டார். உள்ளே போனுக்கு அனுமதி கிடையாது, அட்டைதான் போன். "பணம் அனுப்பறதுக்கு முன்னாடி பேரைப் பாரு. கடைக்காரர் பேரு வரலைன்னா நிறுத்திக்கோ." இந்த வரியை எங்கள் நோட்டில் நாங்கள் எழுதியிருக்கவில்லை.

வேலை கேட்டுப் போவதற்கான ஒத்திகையும் அவருடையதுதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு மேஸ்திரி மாதிரி உட்கார்ந்துகொள்வார். "ஓவர்லாக் ஓட்டுவியா? இத்தனை நாளா எங்க இருந்தே?" எதிரில் இருக்கிற பையன் விழிப்பான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் கருத்து. அவர் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்: "ஓனர்கிட்டச் சொல்லு, மேஸ்திரிகிட்டச் சொல்லு. லைன்ல பக்கத்து மெஷின்காரன்கிட்டச் சொல்லாதே. கேட்டா வெளியூர்ல இருந்தேன்னு சொல்லிட்டுத் துணியைப் பாரு." எனக்கு இது முழுக்க உடன்பாடில்லை. ஆனால் லைனில் நின்று வேலை செய்யப்போவது நான் இல்லையே. அதோடு இன்னொன்றும் சொல்வார்: முதல் வருடம் ஊர் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, போகாதே. எதிர்த்தரப்பு வீட்டுக்காரர்கள் குடித்திருப்பார்கள், உன் பங்காளிகளும் குடித்திருப்பார்கள், பழைய பகை கிளம்பிவிடும்.

சக சிறைவாசிகள் இதைச் செய்வதற்கு இன்னொரு காரணம் நேரம். நாங்கள் போவது பகலில். சாயங்காலம் லாக்-அப் ஆனால் மறுநாள் காலை வரை புதிதாக வந்தவன் பக்கத்தில் இருப்பது சக சிறைவாசிகள்தான். பயமும் அழுகையும் வருவது அந்த நேரத்தில்தான். பிரிட்டனில், தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு 1991இல் சுவான்சி சிறையில் கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, மனம் உடைந்த சக கைதி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க வைத்தது இதனால்தான். நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2009ஆம் ஆண்டுத் திட்டப்படி, நீண்ட தண்டனை அனுபவிக்கும் படித்த சிறைவாசிகளையும் சட்டத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவிக்கலாம். அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவர் தன் பிளாக்கில் விசாரணைக் கைதிகளின் தேதிகளை நோட்டுப் போட்டுக் குறித்து வைத்திருக்கிறார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 479ஆவது பிரிவுப்படி, முதல்முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனுக்கு வழி உண்டு. தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் சிலருக்கு மனு போனது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கைதியைக் கைதிக்கு மேல் வைப்பது புதிதல்ல. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. கன்விக்ட் வார்டர், அதாவது மற்றக் கைதிகளைக் காவல் காக்க வைத்த கைதி, என்றால் பழைய ஆட்களுக்கு இன்றும் முகம் மாறும். உதவி செய்கிறவன் கையில் அதிகாரம் வந்துவிட்டால் அவனிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். அதனால் முதல் ஆளாகக் கை தூக்குகிறவர்களை நாங்கள் எடுப்பதில்லை. ராத்திரி யாரிடம் போய்ப் பேசுகிறார்கள் என்று விசாரித்துத்தான் எடுக்கிறோம். அவர்களுக்கு மற்ற தொழிற்கூட வேலை மாதிரியே கூலியும் கணக்கில் ஏற வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

'அண்ணா' விடுதலையாகி இப்போது திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கிறார். உள்ளே வந்து வகுப்பெடுக்க அனுமதி கேட்டோம், கிடைக்கவில்லை. புதிதாக வெளியே வருகிறவர்கள் நேராக அவர் அறைக்குத்தான் போகிறார்கள். கம்பெனி ஹாஸ்டலில் சேர ஆதார் கேட்பார்கள்; ஆதாரில் இருக்கிற போன் நம்பர் எப்போதோ செத்துப்போயிருக்கும்; ஓடிபி வராது. முதலில் அந்த நம்பரை மாற்ற வேண்டும். அது சரியாகிற வரை தங்க ஓர் இடம் வேண்டும். விடுதலைக்கு முன்னாலேயே உள்ளே ஓர் ஆதார் முகாம் போட்டால் போதும் என்பது அவருடைய யோசனை. மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் நாலு பேர் வெளியே வருகிறார்கள், அவருடையது ஒரே அறை, அதில் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள்.