ஜெர்மனியோட நூரெம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்கு 25-ஆம் தேதி போகாதீங்க

நிறைய பேர் கிறிஸ்துமஸ் அன்னைக்கே டிக்கெட் போட்டு ஏமாந்துடறாங்க. ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்துல நடக்கற இந்தச் சந்தை 24-ஆம் தேதி மதியத்தோடு முடிஞ்சிடும். 25, 26 ரெண்டு நாளும் அரசு விடுமுறை, சூப்பர் மார்க்கெட்கூட திறக்காது. டிசம்பர் முதல் பாதியில வாரநாளாப் பார்த்து ரெண்டு ராத்திரி தங்கினா போதும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கடைக்கு நடுவுல நகரவே முடியாது.

விமான நிலையத்துல இருந்து யூ2 மெட்ரோவுல 12 நிமிஷத்துல மெயின் ஸ்டேஷன். அங்கிருந்து லோரென்ஸ் தேவாலயம் வழியா நடந்தே போயிடலாம். நாலே முக்காலுக்குள்ள இருட்டிடும். கோட்டையைக் காலையிலேயே பார்த்துடுங்க. பாதையெல்லாம் கல் பாவினது, ஈரத்துல வழுக்கும்.

சூடான ஒயின் குவளைக்கு முன்பணம் உண்டு, திருப்பிக் கொடுத்தா காசு வந்துடும். லெப்கூகென்னு மசாலா போட்ட பிஸ்கட் ஒண்ணு இருக்கு, அதை வாங்கினா ‘எலிசன்’ ரகமே வாங்குங்க: கொட்டைப் பருப்பு 25 சதவீதமாவது இருக்கணும், மாவு 10-ஐத் தாண்டக் கூடாது.