தும்மினால் சலம் போகிறதா? சொல்லுங்கள்

கொழும்பில் எம்.டி. படித்த காலத்தில் பிரசவமும் சத்திரசிகிச்சையும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. திருகோணமலையில் பெண் நோயியல் நிபுணராக இருக்கும் இப்போதோ, மனம் முழுக்க இடுப்புத்தளத் தசைகளில்தான். சலப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் அவை.

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வரும் அக்காமார் முதலில் வேறு ஏதாவது வருத்தத்தைச் சொல்வார்கள். எழும்பிப் போகிற நேரத்தில்தான், "டொக்டர், தும்மினா சலம் போகுது. பிள்ளை பெத்தா இப்படித்தானே?" என்று மெல்லக் கேட்பார்கள். பஸ்ஸில் வர வேண்டுமே என்று காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனத்துப்போகும்.

அப்படியே இருந்துவிட வேண்டியதில்லை. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் தசையை உள்ளே இழுத்துப் பிடியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். அப்புறம் முழுதாகத் தளர விடுங்கள். ஒரு தடவைக்கு இப்படி 8 முறை, நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். பலர் வயிற்றைத்தான் இறுக்குகிறார்கள். அதனால் கிளினிக்கில் ஒருமுறை செய்து காட்டுங்கள். சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகவும் வேண்டாம்.

கர்ப்பப்பை இறங்கியிருந்தாலும் உடனே ஒப்பரேஷன் என்று பயப்படாதீர்கள். மெல்லிய சிலிக்கோன் வளையம் ஒன்றை மடித்து உள்ளே வைப்போம். பலருக்கு அதுவே போதும். ஒப்பரேஷன்தான் என்றால், எது, ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். தாங்கலுக்காக யோனிவழியாகச் செயற்கை வலை பொருத்தும் முறையை 2018இல் இங்கிலாந்தே நிறுத்திவைத்தது.

சலத்தில் இரத்தம் போனாலோ, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ மட்டும் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே வாருங்கள்.