இரண்டு உச்சிகட்டானா: எல்டன் ரிங் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

எல்டன் ரிங்கைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். 2022 பிப்ரவரியில் வந்த வீடியோ கேம். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்கள் வந்துவிட்டன, ஆனால் வாளை எடுத்துக்கொண்டு எதிரியின் மூச்சு படும் தூரத்தில் நிற்கும் சுகத்துக்கு எனக்கு இன்னும் இதுதான். இந்த முறை கேடயம் இல்லை, மந்திரம் இல்லை. டெக்ஸ்டெரிட்டியை, அதாவது கைத்திறன் புள்ளியை (சுருக்கமாக டெக்ஸ்), வைத்துக் கிட்டப்போய் அடிக்கும் பாத்திரம்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க வாரியரா, சாமுராயா என்று கொஞ்சம் யோசித்தேன். வாரியருக்கு டெக்ஸ் 16, கையில் இரண்டு சிமிட்டாரோடு ஆரம்பம். சாமுராய்க்கு டெக்ஸ் 15 தான், ஆனால் உச்சிகட்டானா என்ற ஜப்பானிய வாள் முதல் நிமிடத்திலேயே இடுப்பில் இருக்கிறது. அதைப் பிடிக்க ஸ்ட்ரென்த் (உடல்வலு) 11, டெக்ஸ் 15 வேண்டும். சாமுராயின் எண்கள் 12, 15. ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம். ஒவ்வொரு வெட்டிலும் எதிரியின் ரத்தக்கசிவுப் பட்டி 45 அளவுக்கு ஏறும், நிறைந்தால் பெரிய அடி. கூடவே உறையிலிருந்து உருவி வெட்டும் அன்ஷீத் வித்தை. சாமுராயையே எடுத்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

சித்தப்பா பையன் போன் பண்ணினான். அவன் பெரிய சுத்தியல் ஆள், எதையும் ஒரே அடியில் நசுக்கினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

"அண்ணா, டெக்ஸ் ஏத்த ஏத்த வாள் வேகமா சுத்துமா?"

"சுத்தாதுடா. டெக்ஸ் 15-ல எவ்வளவு வேகமோ, 80-லயும் அதே வேகம்தான்."

அவன் நம்பவில்லை. ஆனால் உண்மை அதுதான், இந்தப் பில்டை (புள்ளியும் ஆயுதமும் சேர்ந்த பாத்திர அமைப்பு) பற்றிப் பேச இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டெக்ஸ் கூடினால், டெக்ஸ் ஸ்கேலிங் (டெக்ஸைப் பொறுத்து வலு ஏறும் தன்மை) உள்ள ஆயுதத்தின் டேமேஜ் கூடும். மந்திரம் போடும் நேரம் குறையும், உயரத்திலிருந்து விழும் அடி குறையும், குதிரையிலிருந்து லேசில் விழ மாட்டோம். வாள் வீச்சின் வேகம் மட்டும் மாறாது. அந்த வேகம் ஆயுத வகையோடு பிறந்தது. குத்துவாள் ஒரு வேகம், கட்டானா ஒரு வேகம், பெருவாள் ஒரு வேகம்.

அப்படியானால் வேகமான பாத்திரம் எங்கிருந்து வருகிறது? எடை, ஸ்டாமினா (ஓடவும் வெட்டவும் உருளவும் செலவாகும் தெம்பு), எத்தனை வெட்டோடு கையை எடுக்கிறோம் என்ற கணக்கு. இந்த மூன்றையும்தான் இந்தப் பயணம் முழுக்கக் கவனிக்கப் போகிறேன்.

ஜனவரி 11, சனி

இரண்டாவது உச்சிகட்டானாவுக்காக ஸ்டார்ம்ஹில் பக்கம் போனேன். வார்மாஸ்டர் குடிசைக்குக் கிழக்கே டெத்டச்ட் கல்லறைச் சுரங்கம். உள்ளே எலும்புக்கூடுகள். ரத்தமே இல்லாதவற்றிடம் ரத்தக்கசிவு வேலை செய்யாது, அன்று வெறும் இரும்பு மட்டும்தான் துணை. விழுந்த எலும்புக்கூடு அப்படியே சாவதில்லை. குவியலில் வெளிச்சம் கிளம்பும்போது இன்னொரு வெட்டு போட வேண்டும், இல்லையென்றால் எழுந்து முதுகில் அடிக்கும். அவசரக்காரர்களை நிதானிக்க வைக்கும் இடம். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே இதை வைத்தது அழகு.

வாள் ஒரு பிணத்தின் மேல் கிடந்தது. கடைசியில் காத்திருந்த பிளாக் நைஃப் கொலையாளியை வீழ்த்தினால் அசாசின்ஸ் கிரிம்சன் டாகர் தாயத்து. நாம் கிரிட்டிக்கல் அடி (முதுகிலோ, எதிரி தடுமாறும்போதோ கொடுக்கும் பெரிய அடி) கொடுத்தால் நம் உயிர் ஏறும்.

ஒரே வகை ஆயுதத்தை இரண்டு கையிலும் பிடித்து எல்1 பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து வீசும். பவர் ஸ்டான்ஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒரே அழுத்தலில் இரண்டு வெட்டு, இரண்டு மடங்கு கசிவு. கேட்டால் இலவசம் போலத் தெரியும். ஸ்டாமினா பட்டியைப் பார்த்தால் விலை தெரியும்.

ஜனவரி 14, பொங்கல்

வீட்டில் விருந்தாளிகள். இரவில் கொஞ்ச நேரம் எடையை மட்டும் சரிபார்த்தேன். அடியைத் தவிர்க்க உருள்வது எடையைப் பொறுத்தது: சுமக்கும் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இலகு உருளல், 70-க்குக் கீழே நடுத்தரம், அதற்கு மேல் போனால் மூட்டை உருள்கிற மாதிரி ஒரு உருளல். ஒரு உச்சிகட்டானா 5.5. இரண்டு சேர்ந்தால் 11. தொடக்கத்திலேயே தரும் நீண்ட வில் 4. பயன்படுத்தாத நேரத்தில் வில்லைக் கழற்றி வைத்தால் அந்த இடத்தில் கொஞ்சம் நல்ல கவசம் போடலாம்.

நான் நடுத்தரத்திலேயே இருக்கப் போகிறேன். இலகு உருளல் தூரமாகக் கொண்டுபோய் விடுகிறது. இந்தப் பில்டுக்குத் தூரம் எதிரி. உருண்டு எழும்போது என் வாள் எட்டும் இடத்தில் அவன் இருக்க வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

மார்கிட்.

இந்த ஆட்டத்தில் டெக்ஸ் ஆட்களுக்கு உண்மையான பள்ளிக்கூடம் ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் நிற்கும் இந்தக் கிழவன்தான். பலபேர் அவனை அநியாயம் என்கிறார்கள். எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை.

அவன் கோலை ஓங்குவான். ஓங்கிய கை அப்படியே மேலே நிற்கும். நம் கட்டைவிரல் துடிக்கும். கை உயர்ந்ததைப் பார்த்து உருண்டால், உருண்டு எழும் இடத்தில் சரியாக வந்து இறங்கும். உயரும் கையைப் பார்க்கவே கூடாது. தோள் கீழே விழத் தொடங்கும் கணத்துக்குத்தான் உருளல். பின்னால் போகாமல் அவன் இடுப்புப் பக்கமாக உள்ளே உருள வேண்டும். பின்னால் உருண்டால் தப்பிக்கலாம், திருப்பி அடிக்க முடியாது.

குடுவையை வாயில் வைத்தால் போதும், ஒளிக்கத்தி பறந்து வரும். அதனால் உயிர் ஏற்றுவதற்கும் நேரம் பார்க்க வேண்டும்: அவன் பாய்ந்து குத்தித் தரையில் இறங்கிய உடனே, அல்லது இடையில் ஒரு தூண் அளவு தூரம் கிடைக்கும்போது.

கணக்கு இப்படி அமைந்தது. பாய்ந்து இறங்கும் பெரிய அடிக்குப் பிறகு எல்1 இரண்டு. சாதாரணக் கோல் வீச்சுத் தொடர் முடிந்தால் எல்1 ஒன்று. கிட்டேயே ஒட்டி நின்றால் இடக்கைக் கத்தி வரும், அதற்கு எதுவும் கிடையாது, ஒதுங்கி நில். மூன்றாவது வெட்டுக்கு இடம் இருப்பது போலவே எப்போதும் தெரியும். அந்த இடம் கிடையாது. கசிவுப் பட்டி நிறையும் தறுவாயில் இருக்கும்போதுதான் ஆசை அதிகம் வரும், ஏனென்றால் அடிக்காமல் விட்டால் அந்தப் பட்டி மெல்ல இறங்கவும் செய்யும். நிறைந்து வெடித்தால் அவன் உயிரில் ஒரு கணிசமான பங்கு ஒரே தடவையில் போகும். அந்த ஆசையை வைத்துத்தான் அவன் நம்மைக் கொல்கிறான்.

இன்று மாலை அவன் இரண்டாம் கட்டத்தில் ஒளிச் சுத்தியலைத் தூக்கிய நேரத்தில் கசிவு வெடித்தது. அவன் தடுமாறிய அந்த நொடியில் அன்ஷீத் நிலையில் நின்று ஆர்2 (பலமான வெட்டு). முடிந்தது.

தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். "அண்ணா, நீங்க அடிச்சதை விட நின்னதுதான் அதிகம்" என்று பதில் போட்டிருக்கிறான். இந்தப் பில்டை இதைவிடச் சரியாக யாரும் வர்ணிக்க முடியாது.

ஜனவரி 25, சனி

கோட்டைக்குள் இரண்டு பொருள். ஒன்று அயர்ன் வெட்பிளேடு, இது கிடைத்தால் ஆயுதத்துக்குக் கீன் தன்மை கொடுக்கலாம். உச்சிகட்டானாவின் ஸ்கேலிங் இயல்பில் ஸ்ட்ரென்த்துக்கு டி தரம், டெக்ஸுக்கும் டி. கீன் ஆக்கினால் ஸ்ட்ரென்த் பங்கு சுருங்கி டெக்ஸ் பங்கு கூடும். 45 கசிவு அப்படியே இருக்கும். பிளட் தன்மை வேறு வழி, அதற்கு ஆர்க்கேன் என்ற வேறொரு புள்ளியை ஏற்ற வேண்டும். ரிவர்ஸ் ஆஃப் பிளட் என்ற கட்டானாவின் பின்னால் ஓடியவர்கள் எல்லோரும் போன வழி அது. எனக்கு டெக்ஸ் ஒன்றே போதும்.

இரண்டாவது, கிளா தாயத்து. குதித்து அடிக்கும் வெட்டின் வலுவைக் கூட்டும். கட்டானாவின் பெரிய குறை, கனமான எதிரியை அது அசைக்காது. க்ரூசிபிள் நைட் மாதிரி ஒருவன் நம் வெட்டை வாங்கிக்கொண்டே தன் வெட்டை முடிப்பான். இரண்டு வாளோடு குதித்து எல்1 போட்டால் அந்தக் குறை பாதி தீரும். சம்மன்வாட்டர் கிராமத்தில் எடுத்த பச்சை ஆமைத் தாயத்தும் கூட இருந்தால் ஸ்டாமினா சீக்கிரம் மீளும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று புள்ளிக் கணக்கு மட்டும்.

"டெக்ஸ் பில்ட்" என்று பேர் இருப்பதால் கிடைக்கும் ரூனையெல்லாம் (புள்ளி வாங்கும் காசு) டெக்ஸில் கொட்ட வேண்டும் என்பது பரவலான நினைப்பு. நான் உறுதியாக எதிர்க்கிறேன். வைகர் (உயிரளவைக் கூட்டும் புள்ளி) 12-ல் உயிர் 455. வைகர் 40-ல் 1450. வைகர் 60-ல் 1900. அதற்குமேல் 99 வரை ஏற்றினாலும் 2100 தான். ஆக முதல் 40 புள்ளிகள் தங்கம், 60 வரை வெள்ளி, அதற்குமேல் போடுவது வீண். கேடயம் இல்லாதவனுக்கு, ஒரு அடி வாங்கியும் உயிரோடு இருப்பதுதான் இரண்டாவது வாய்ப்பு. அந்த வாய்ப்பை முதலில் வாங்க வேண்டும்.

ஆரம்பத்தில் டேமேஜைத் தூக்குவது டெக்ஸ் அல்ல, கொல்லன். உச்சிகட்டானா சாதாரணக் கல்லில் 25 வரை மேம்படும். இரண்டு வாள் என்பதால் கல்லும் இரட்டிப்பு. இந்தப் பில்டின் உண்மையான செலவு இது. லிம்கிரேவ் சுரங்கத்தில் சுவர் சுவராகக் கல் தோண்டியது இதற்காகத்தான். வைகர் 40 ஆன பிறகே டெக்ஸை 60 நோக்கித் தள்ளத் தொடங்கினேன். எண்டியூரன்ஸ் இடையிடையே, ஸ்டாமினா கெஞ்சும்போதெல்லாம்.

மார்ச் 1, சனி

மில்லிசென்ட் பற்றி எழுத வேண்டும்.

கேலிட் அழுகல் காட்டில், பிளேக் தேவாலயத்தில், ஒரு கை இல்லாமல் சுருண்டு கிடந்த பெண். தங்க ஊசியைக் கொடுத்தால் எழுந்து உட்கார்வாள். நன்றிக்கு ஒரு தாயத்து தருவாள், டெக்ஸ் 5 கூடும். பின்னால் ஷேடட் கோட்டையில் வால்கிரியின் செயற்கைக் கையைக் கண்டெடுத்து அவளிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளும் வாள் பிடிக்கிறாள். விண்ட்மில் கிராமத்தின் பக்கத்திலும், பனிக்குன்றுகளிலும், கிரேஸ் (ஓய்விடம்) அருகில் நின்று காத்திருப்பாள்.

கடைசியில் ஹாலிக்ட்ரீயில், எல்ஃபேலின் அழுகல் குட்டைக்குப் பக்கத்தில் இரண்டு குறிகள். தங்கக் குறியைத் தொட்டால் அவள் பக்கம் நின்று அவளுடைய சகோதரிகள் நால்வரோடு சண்டை. சிவப்புக் குறியைத் தொட்டால் அவளையே கொல்வது.

டெக்ஸ் ஆளுக்கு இங்கே ஒரு கொடுமை. சிவப்பைத் தொட்டால் மில்லிசென்ட்டின் செயற்கைக் கை கிடைக்கும்: டெக்ஸ் 5 கூடும், தொடர்ந்து வெட்டினால் வலு 11 சதவீதம் வரை ஏறும். தங்கத்தைத் தொட்டால் ராட்டன் விங்டு ஸ்வார்டு சின்னம்: டெக்ஸ் கிடையாது, தொடர்வெட்டு வலு 13 சதவீதம் வரை. இந்தப் பில்டுக்கென்றே செய்த இரண்டு தாயத்தும் அவள் உயிரோடு கட்டப்பட்டிருக்கின்றன, ஒரு பயணத்தில் ஒன்றுதான்.

தங்கத்தைத் தொட்டேன். கை கொடுத்தவனே அந்தக் கையைத் திரும்ப வாங்குவதா? சகோதரிகள் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். மில்லிசென்ட் எனக்கு இடப்பக்கம் நின்று சண்டையிட்டாள். அவள் சுழன்று வெட்டும் வெட்டு எனக்குப் பழகிய ஒன்றாகத் தெரிந்தது. மலேனியா என்ற பெரும் எதிரியின் ரத்தத்தில் வந்தவள் ஆயிற்றே. சண்டை முடிந்ததும் ஊசியைத் தானே பிடுங்கிவிட்டதாகச் சொன்னாள். வேறொருவர் ஆட்டுவிக்கும் உயிராக இருப்பதைவிடத் தானாகவே சாவது மேல் என்பது அவள் முடிவு. அவளிடம் சொல்ல ஆட்டம் எனக்கு ஒரு வார்த்தையும் தரவில்லை. கொஞ்ச நேரம் அந்த நீரிலேயே நின்றுவிட்டு அணைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மலேனியா.

யாராவது இந்த ஆட்டத்தில் டெக்ஸ் பில்ட் என்றால் என்ன என்று கேட்டால் அவளைக் காட்டலாம். ஒரு செயற்கைக் கை, ஒரு நீண்ட கட்டானா, கேடயம் இல்லை. நம் மேல் அவள் வாள் பட்டால் அவள் உயிர் ஏறும், கேடயத்தால் தடுத்தாலும் ஏறும். ஆக தடுத்து நிற்பவர்களுக்கு அவள் மலை. தப்பி ஒதுங்குபவனிடமிருந்து மட்டும்தான் அவளால் எதையும் எடுக்க முடியாது. கேடயத்தை முதல் நாளிலேயே விட்டதன் பலன் இங்கே வந்து சேர்ந்தது.

இன்னொரு நல்ல செய்தி, அவளுக்கு ரத்தம் உண்டு. முதல் கட்டத்தில் இரட்டை வாள் வெட்டுக்குப் பல நேரம் அசையவும் செய்வாள். ஆனால் ஒவ்வொரு கசிவு வெடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்கு இன்னும் அதிகம் வெட்ட வேண்டும். அதனால் முதல் வெடிப்பை அவசரப்பட்டு வாங்கவில்லை.

வாட்டர்ஃபவுல் டான்ஸ், அவளுடைய கொடிய சுழல் வெட்டுத் தொடர். ஒரு காலை மடக்கி மேலே எழும்பிக் காற்றில் ஒரு கணம் நிற்பாள். அந்தக் கணத்தில் நான் கிட்டே இருந்தால் உயிர் பிழைப்பது கடினம். அவள் உயிர் முக்கால் அளவுக்கு வந்த பிறகு எல்1 மூன்றை மறந்தேன், இரண்டையும் மறந்தேன். ஒரே வெட்டு, பின்வாங்கல். எழும்பினால் முதல் சுழலுக்கு முழு ஓட்டம். இரண்டாவதற்கு அவளை நோக்கி உள்ளே உருளல். மூன்றாவதற்கு அவள் எனக்குப் பின்னால் போயிருப்பாள், இன்னொரு உருளல். ஸ்டாமினா பாதியாவது மிச்சம் இல்லாவிட்டால் இந்த வரிசை நடக்காது. ஆக பசியோடு வெட்டும் ஒவ்வொரு வெட்டும் அந்த ஓட்டத்திலிருந்து திருடியது.

இரண்டாம் கட்டத்தில் பூவாக விரிந்து இறங்கினாள். அந்த மலர் அடங்கும் வரை தூரத்திலேயே நின்று, அடங்கியதும் குதித்து எல்1. சுவரோரம் அவள் வாளை நீட்டிப் பாய்ந்தபோது பக்கவாட்டில் உருண்டு ஒரு வெட்டு. கசிவுப் பட்டி நிறைந்தது.

தம்பிக்கு ராத்திரியே போன். "வாளை எடுத்தீங்களா அண்ணா?" என்றுதான் முதலில் கேட்டான். அவளை வீழ்த்தியதில் கிடைத்த அவளுடைய நினைவைக் கொடுத்து அவள் வாளான ஹேண்ட் ஆஃப் மலேனியா வாங்கலாம். ஸ்ட்ரென்த் 16, டெக்ஸ் 48 வேண்டும், இரண்டும் என்னிடம் இருக்கிறது. வாங்கிவிட்டேன். ஆனால் ஆட்டத்தின் கூடுதல் பகுதியான நிழல் நிலத்துக்குள் உச்சிகட்டானா இரண்டோடுதான் போகிறேன். என்சிஸ் கோட்டையில் மிலேடி என்ற இலகு பெருவாள் இருக்கிறது, டெக்ஸ் 17 போதும். அடுத்த சனிக்கிழமை அங்கே.